முள்ளிப்பட்டில் நான் மூடிய வைக்கோல்

வைக்கோலை மூடியிருந்த தார்ப்பாயின் ஓரத்தைப் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் தூக்கியதும் அமோனியா குபீரென்று வெளியே வந்தது. கண்ணில் ஊசி, மூக்கில் நெருப்பு. சுற்றி நின்ற பயிற்சிக்காரர்கள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. எனக்குக் கண்ணீர் வந்தது. அது வாடையால் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், வசதியாகப் போயிற்று.

வெம்பாக்கம் பக்கத்தில் புதிதாக வேலைக்கு வந்த கால்நடை ஆய்வாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி. விருப்ப ஓய்வில் வந்துவிட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "சார், உங்க காலத்துல வைக்கோலுக்கு யூரியா வைத்தியம் எப்படிப் பண்ணீங்க? ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்றார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வைக்கோலை மென்று துப்பிவிட்டுப் போகிறது. கலப்புத் தீவனம் மூட்டையில் வருகிறது. இந்த வேலையே இனி எத்தனை நாளோ. நான் விவசாயிகள் அடித்த கிண்டல்களைச் சொன்னேன். சிரித்தார்கள். கைதட்டினார்கள். டீயும் மசால்வடையும் கொடுத்தார்கள். அங்கே சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓராண்டு. ஊசி போடுவது, சினை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, விடுதிச் சாம்பாரைக் குறை சொல்வது. பிறகு ஆரணி. ஒரு சைக்கிள், ஒரு ஐஸ் பெட்டி, சுற்றிலும் ஊர்கள்.

வைக்கோலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நெற்பயிர் தன்னிடம் இருந்ததையெல்லாம் கதிருக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்பாக நிற்கிறதே, அதுதான் வைக்கோல். மாடு அதைத் தின்கிறது, அசைபோடுகிறது, வயிறு புடைக்கிறது. விலா எலும்பு அப்படியே எண்ணும்படி நிற்கிறது. வயிறு நிறைந்த பட்டினி என்று ஒன்று உண்டு. அதை நான் இந்தப் பக்கத்துக் கோடையில், மாடுகளின் கண்களில் பார்த்தேன். வைக்கோலுக்குள் சத்து இல்லாமல் இல்லை. பூட்டிக் கிடக்கிறது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் அது அமோனியாவாக மாறி நார்களை இளக்கும். பூட்டு கொஞ்சம் திறக்கும்.

நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, அறுபத்தைந்து லிட்டர் தண்ணீர். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. தரையில் தார்ப்பாய் விரித்து வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். பூவாளியால் மழை மாதிரித் தெளிக்க வேண்டும். ஓரிடத்தில் தேங்கினால் அங்கே விஷம். மிதிக்க வேண்டும். மறுபடி வைக்கோல், மறுபடி மழை, மறுபடி மிதி. போர்த்தி மூடி, ஓரமெல்லாம் மண் அணைத்து, மேலே கல் வைக்க வேண்டும். இருபத்தோராம் நாள் திறந்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஒருமணி நேரம் காற்றாட உதறிப் போட்டு, முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். சுற்றுவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு விவசாயி சொன்னபடி செய்தார். தொட்டியில் ஒரு துரும்பு மிஞ்சவில்லை என்று என்னை வீட்டுக்குள் அழைத்து மோர் கொடுத்தார். அன்றைக்கு சைக்கிளில் திரும்பும்போது காற்றுகூட என் பக்கம் இருந்தது. பொய்யான வேலை இல்லை இது. அதனால்தான் இவ்வளவு கசக்கிறது.

ஆனால் யூரியா என்ற பெயரைக் கேட்டதுமே ஊர் சிரிக்கும்.

"பயிருக்குப் போட்றத மாட்டுக்குப் போட்டா மாடு இன்னா சார், கதிரு தள்ளுமா?"

"சும்மா இருடா. பால் கறக்கசொல்லவே நெல்லு மூட்டையா கட்டிக்கலாம்."

சிரிப்பு அடங்கியதும் யாராவது மெதுவாகச் சொல்வார்கள்: "யூரியா மூட்டைய நக்கி எங்க மாமனார் மாடு செத்துப்போச்சு சார். எங்களுக்கு வேணாம் இந்தப் பேஜாரு." அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் யாரும் காத்திருந்து கேட்டதில்லை.

மாட்டு டாக்டரான எங்கள் உதவி இயக்குநர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தனக்குக் கீழே இருப்பவர்களையெல்லாம் "ஐயா" என்பார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம்மால் எழுத முடியாத ஒன்றை எழுதவைக்க வேண்டுமானால், ஒரு வார்த்தை பேசாமல் தன் பேனாவின் மூடியைக் கழற்றி, முனை தன் பக்கமும் பிடி நம் பக்கமுமாகத் தாளின்மேல் வைப்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். கையெழுத்து விழும்வரை துடைப்பார். அந்தக் கண்ணாடி போல சுத்தமான கண்ணாடியை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கூட்டம் முடிந்து என்னை மட்டும் நிறுத்தினார்.

"ஐயா, யூரியாங்கிற பேருதான் நம்மளக் கெடுக்குது. நீங்க கவிதையெல்லாம் எழுதுவீங்களாமே. ஜனங்க பயப்படாத மாதிரி ஒரு பேரு வைங்களேன்."

யோசிக்கவே இல்லை நான். "சத்துத் தண்ணி" என்றேன்.

"அருமை" என்றார்.

சிறுபத்திரிகைகளில் நாலைந்து கவிதைகள் வந்த காலம். அலுவலகம் என்னிடம் ஒரு சொல்லைக் கேட்டது அதுதான் முதல்முறை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மிதந்துகொண்டு போனேன். என் கவிதை எதுவும் பரவாத வேகத்தில் அந்தப் பெயர் பரவியது. இரண்டு மாதத்தில் டீக்கடையில் கேட்டேன்: "சத்துத் தண்ணி சார் வந்துகினு இருக்காரு பாரு."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். நிலமில்லாத வீட்டிலும் திட்டம் நடக்கிறது என்று காட்ட வேண்டும். முள்ளிப்பட்டில் தனபால் என்ற நெசவாளியின் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம், தேர்ந்தெடுத்தவன் நான். தறி முதலாளியுடையது. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. சேலையில் ஓடும் அன்னப்பட்சிகூட முதலாளி சொன்ன டிசைன். அந்த வீட்டில் யாருடையதும் அல்லாமல் தனபாலின் மனைவி சரோஜாவுடையதாக இருந்தது ஒன்றுதான்: பின்கட்டில் நின்ற செவலைப் பசு. தாய்வீட்டிலிருந்து கன்றாக ஓட்டி வந்தது. பால் ஊற்றப் போகும்போது அவர் நடையே வேறாக இருக்கும்.

வைக்கோலைத் தொங்கு தராசில் நிறுத்தோம். அறுபது கிலோதான் இருந்தது. நெசவாளி வீடு, விலைக்கு வாங்கிய வைக்கோல், அதற்குமேல் இல்லை.

"நாப்பது குறையுது சார். யூரியாவையும் குறைச்சுக் கரைக்கிறேன்" என்றேன்.

உதவி இயக்குநர் காதருகே வந்தார். "ஐயா, பலகையில நாலு கிலோன்னு எழுதி வச்சிருக்கோம். பெரியவர் முன்னாடி குறைச்சா ஏன்னு கேப்பார். முழுசாக் கரைங்க. தெளிக்கிறத மட்டும் அளவாத் தெளிங்க. புரியுதுங்களா."

முழுசாகக் கரைத்தேன். அளவாகத் தெளித்தேன். படம் எடுத்தார்கள். சுற்றி நின்ற பெண்களுக்கு நான் குரலெடுத்துச் சொன்னேன், "இந்தச் சத்துத் தண்ணி பட்டதும் வைக்கோல் பசும்புல் மாதிரி ஆயிடும்மா" என்று. மூடி, மண் அணைத்து, கல் வைத்தோம். சரோஜாவின் அலுமினிய அண்டாவில் இருபது லிட்டருக்குமேல் மிஞ்சி நின்றது.

"மீதிய இன்னா சார் பண்றது?" என்று கேட்டார் சரோஜா.

"ஓரமா இருக்கட்டும்மா. நான் வந்து பாத்துக்கறேன்."

ஜீப் ஹாரன் அடித்தது. பெரியவர் வீட்டம்மாவுக்குப் பட்டுச்சேலை பார்க்க வேண்டுமாம். ஆரணியில் கடை காட்ட நான்தான் வேண்டுமாம். ஏறிக்கொண்டேன். மாலைவரை மாம்பழ நிறமா, மயில்கழுத்து நிறமா என்று பேசிக்கொண்டிருந்தேன். அண்டாவை மறந்தேன்.

மறுநாள் விடிகாலையில் அந்தத் தெருவில் பாவு விரித்தார்கள். பட்டு இழைகளை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக்கஞ்சி தெளித்து உலர்த்துவது. மிஞ்சிய கஞ்சியை அங்கே யாரும் சாக்கடையில் ஊற்றமாட்டார்கள். ஊற்றினால் நாலு வீட்டுப் பெண்கள் திட்டுவார்கள். அது மாட்டுத் தொட்டிக்கு உரியது. கழுவிய அரிசித் தண்ணீர், வடித்த கஞ்சி, மிஞ்சிய குழம்பு எதுவானாலும் அந்த வீடுகளில் மிஞ்சியதெல்லாம் மாட்டுக்கு. பத்து வருடமாக அந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டியவன் நான். எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் "ஓரமா இருக்கட்டும்மா" என்றேன்.

எட்டுமணி இருக்கும். தனபால் சைக்கிளை எங்கள் கால்நடை மருந்தகத்து வாசலில் அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். "சார், ஜல்தி வாங்க. மாடு ஒரு மாரி ஒதறுது."

போனேன். செவலையின் தோல் முழுக்க அலையலையாகத் துடித்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. பல் நறநறவென்று அரைபடும் சத்தம். இடப்பக்கம் வயிறு மத்தளம் மாதிரி. கால்கள் விறைத்து, விழாமல் இருப்பதற்காகவே நின்றது.

"என்னம்மா குடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்கறதுதான் சார். பாவுக் கஞ்சி, தவுடு. அதோட நீங்க வச்சுட்டுப் போன சத்துத் தண்ணில பாதிய ஊத்துனேன். வீணாப் போவுதேன்னு."

அவர் முகத்தில் பயம் இருந்தது, குற்றம் இல்லை. நல்லதைத்தான் கொடுத்தேன் என்ற முகம்.

இதற்கு மருந்து புளிப்பு. வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து நிறையக் குடிக்க வைக்க வேண்டும். வினிகர் முள்ளிப்பட்டில் எங்கே கிடைக்கும்? ஆனால் இரண்டு வீடு தள்ளிச் சாயப்பட்டறை இருந்தது. பட்டுக்குச் சாயம் பிடிக்க அவர்கள் ஊற்றும் ஆசிட்தான் வினிகருக்கும் தாய். தண்ணீரை அதிகமாக விட்டு நீர்க்க வைத்தால் அதுவே வினிகர். கேன் கேனாக வைத்திருந்தார்கள். இது என் மண்டையில் மின்னல்போல ஓடியது. என் கால்கள் முதலாளி வீட்டுத் தொலைபேசியை நோக்கி ஓடின.

"சார், மீதித் தண்ணிய மாடு குடிச்சிருச்சு."

மறுமுனையில் உதவி இயக்குநர் கேட்டார்: "யார் யாருக்குத் தெரியும்?"

"அதுதான் காரணம்னு எனக்கு மட்டும்தான் சார்."

"அப்ப உங்களோட இருக்கட்டும். வயிறு உப்புசம்னு சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் வாயில எதையும் ஊத்தாதீங்க ஐயா. பெரியவர் இன்னும் ஊர்லதான் இருக்கார். புரியுதுங்களா."

புரிந்தது. புளிப்பை ஊற்றினால் எதற்கு ஊற்றுகிறாய் என்று தெரு கேட்கும். வைத்தியம் செய்வதே வாக்குமூலம் ஆகிவிடும். திரும்பி வந்து மாட்டின் முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றேன். ஏதோ செய்வதுபோல வயிற்றைத் தேய்த்தேன். சாயப்பட்டறைக்காரர் மாணிக்கம் முழங்கைவரை ஊதாச் சாயத்தோடு வந்து நின்றார்.

"இன்னா சார், பாத்துகினே நிக்கிறீங்க? எதுனா பண்ணுங்க."

"டாக்டர் வந்துகினு இருக்காருங்க" என்றேன்.

மருந்து வைத்திருந்தவர் எனக்கு மூன்று முழம் தள்ளி நின்றார். அவருக்கு அது மருந்து என்று தெரியாது. எனக்குத் தெரியும். முக்கால்மணி நேரம் அப்படி நின்றோம். கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதற்குக் காரணம் நான்.

உதவி இயக்குநர் வந்து வயிற்றில் குழாய் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றினார். சத்தமாக வந்தது காற்று. கூட்டம் நம்பிக்கையோடு பார்த்தது. செவலை முன்னங்காலை மடித்தது, கழுத்தை நீட்டியது, அவ்வளவுதான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்து பார்த்தார். அடுத்தவர் கொல்லையில் அறுத்த சோளக்கட்டையில் மறுதாம்பு துளிர்த்துப் பச்சையாக நின்றது. இளஞ்சோளம் மாட்டுக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"ராத்திரி மாடு அவுந்துதாம்மா?"

"இல்ல சார். கட்டித்தான் இருந்துது."

"அவுந்திருக்கும்மா. இளஞ்சோளம் தின்னிருக்கு."

"நா அவுத்து வுடவே இல்ல சார். அந்தச் சத்துத் தண்ணிதான் குடுத்தேன்..."

"சேச்சே. அது சத்தும்மா. அதுல என்ன ஆகப்போகுது?"

சரோஜா என்னைப் பார்த்தார். நேற்று அத்தனை பேர் நடுவில் விளக்கம் சொன்னவன் நான்தானே. என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. பேனாகூட நீட்டவில்லை. நானாகத்தான் சொன்னேன்:

"கயிறு தளர்ந்திருக்கும்மா."

தனபால் தெருவே கேட்கும்படி கத்தினார். "மாட்டக்கூட ஒழுங்காக் கட்டத் தெரியலியாடி உனக்கு?"

அண்டாவில் இருந்த மிச்சத்தை நான் சாக்கடையில் ஊற்றினேன். பாத்திரத்தை மூன்றுமுறை கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எவ்வளவு கவனம்! அதில் ஒரு பங்கை முந்தைய நாள் மாலை காட்டியிருக்கலாம். பிற்பகல் அலுவலகத்தில் பேனா என் பக்கம் திரும்பி வைக்கப்பட்டது. 'பராமரிப்புக் குறைவால் மாடு அவிழ்ந்து இளஞ்சோளம் மேய்ந்து இறந்தது.' கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கு அழகாக வந்தது.

இருபத்தோராம் நாள் போரைத் திறந்ததாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். போனேன். தனபால் தறியைவிட்டு எழவில்லை. நானே கல்லை நகர்த்தி மண்ணை விலக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வந்த வைக்கோல் வேறு இல்லை. தேன் நிறம். கையில் அள்ளினால் பட்டு மாதிரி வளைந்தது. ஒரு பூஞ்சணப் புள்ளி இல்லை. தின்ன மாடு இல்லை. செத்த மாட்டு வீட்டு வைக்கோல் என்று அக்கம்பக்கத்திலும் யாரும் தொடவில்லை. அடுத்த மழையில் அது எருக்குழிக்குப் போனது. பதிவேட்டில் 'பயனாளி திருப்தி' என்று எழுதினேன்.

உதவி இயக்குநர் பதவி உயர்ந்து போனார். பிரிவு விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதி வாசித்தவன் நான். திட்டம் தானாக ஓய்ந்தது. முள்ளிப்பட்டுச் சுற்றை வேறு ஆளுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு ஒருநாள் வேலையையே விட்டேன். முதுகுவலி என்று விண்ணப்பத்தில் எழுதினேன்.

வெம்பாக்கத்துப் பயிற்சி முடிந்த மறுவாரம் முள்ளிப்பட்டுக்குப் பேருந்து ஏறினேன். தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி இரைந்தது. சரோஜா வாசலில் உட்கார்ந்து இராட்டையில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் தனபாலின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"மாட்டாஸ்பத்திரி சார்தான நீங்க? அடையாளமே தெரியல. குந்துங்க."

பின்கட்டு தெரிந்தது. மாடு இல்லை. முளைக்குச்சியும் இல்லை. நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். மிஞ்சிய தண்ணீர், அது என்ன தண்ணீர், தொலைபேசி, மாணிக்கத்தின் பட்டறையில் இருந்த ஆசிட், சோளம், கையெழுத்து. இராட்டை நடுவில் ஒருமுறை நின்றது. பிறகு சுற்றியது. பிறகு நின்றேவிட்டது.

"அவுரு போயி நாலு வருசம் ஆவுது சார்" என்றார். "சாவற வரிக்கும் சொல்லிகினே இருந்தாரு. இன்னொரு மாடு வாங்கலாம்னா, கட்டத் தெரியாதவளுக்கு மாடு எதுக்குன்னுவாரு. புள்ளைங்களும் அதே பேச்சு. கதவு தெறந்து கெடந்தா, கொடத்துல தண்ணி இல்லன்னா, எது போனாலும் அம்மாதான் அவுத்து வுட்டுட்டா. மருமவகூடச் சொல்லிச் சிரிக்குது."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"அவுரு இருக்கசொல்ல வந்திருக்கலாமே."

"தைரியம் வரலைம்மா."

"இப்ப மட்டும் எப்படி வந்துது? ரிட்டேர் ஆயிட்டீங்களா?"

தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கும்.

"பெரியவன் ஆறு மணிக்கு வந்துடுவான். மருமவளும் வந்துடும்" என்றார். "அதுங்க முன்னாடி இத ஒருவாட்டி சொல்லிட்டுப் போங்க சார். டீ போடறேன்."

மணி நாலரை. அந்தப் பையனின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தத் தெருவை, மாணிக்கத்தை, திரளப்போகிற கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். அஞ்சு மணி பேருந்தை விட்டால் கஷ்டம், இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். கயிறு தளர்ந்திருக்கும் என்று சொன்ன அதே குரல்தான்.

அவர் தாரை எடுத்து இராட்டையில் பொருத்தினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப எங்கிட்ட எதுக்கு சார் சொன்னீங்க? நா அவுத்து வுடலன்னு எனக்குத்தான் தெரியுமே."